கறுப்புக் கோட்டு இல்லாத சட்ட வேலை: மலையக இளைஞருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையில் பாராலீகல், அதாவது சட்டத்தரணி அல்லாத சட்ட உதவியாளர், என்று உரிமம் கொடுக்கும் சபை எதுவும் கிடையாது. இது தெரியாமலே ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பிள்ளைகள் பலர், "எந்த சேர்ட்டிபிகேட் எடுத்தால் பாராலீகல் ஆகலாம்?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். உயர்தரம் முடித்தவர்கள், சட்டத்தரணி ஒருவரிடம் லிகிதராகச் சேர்ந்து சில மாதமே ஆனவர்கள், தொழிற்சங்கக் காரியாலயத்தில் கடிதம் தட்டச்சு செய்பவர்கள், தொண்டு நிறுவனத்தின் கள உத்தியோகத்தர்கள் எல்லோரிடமும் இதே கேள்விதான். அப்படியொரு ஒற்றைத் தாள் இங்கே இல்லை. இருக்கிறதென்று சொல்லிக் கட்டணம் கேட்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

ஆனால் சட்டத்தரணி அல்லாத ஒருவர் சட்ட வேலை செய்யலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருக்கும் வாசல்கள் சில உண்டு. தொழில் நியாய சபை, தொழில் திணைக்களம், தகவல் அறியும் உரிமை, மொழிபெயர்ப்பு, மத்தியஸ்த சபை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றில் எந்த வாசலால் உள்ளே போகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு வேண்டிய தகுதியைப் பிறகு தேடுங்கள். வரிசையை மாற்றி, முதலில் ஏதாவது டிப்ளோமா, பிறகு வேலை என்று போகிறவர்கள் காசையும் இழக்கிறார்கள், இரண்டு மூன்று ஆண்டுகளையும் இழக்கிறார்கள். தோட்டத்துக் குடும்பத்துக்கு இரண்டுமே பெரிய இழப்பு.

வெளிநாட்டில் நிலைமை வேறு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2007 முதல் பாராலீகல் என்பது சட்டத்தரணிகள் சங்கமே உரிமம் கொடுக்கும் தொழில். அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் படித்து, பரீட்சை எழுதி, சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் நின்று வாதாடலாம். அமெரிக்காவின் 'நாலா' சங்கம் 1976 முதல் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிறது; ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 50 மணிநேரத் தொடர்கல்வி காட்டினால்தான் அது புதுப்பிக்கப்படும். இந்தியாவில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் துணைச் சட்டத் தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது. இவற்றில் எதுவும் ஹட்டன் நீதிமன்றப் படியில் உங்களுக்கு ஓர் உரிமையும் தராது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, படித்ததையும் செய்ததையும் மணிக்கணக்கில் எழுதிவைக்கும் பழக்கம். அது எப்படி உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாசல்: தொழில் நியாய சபை

மலையகத்தில் சட்ட உதவியாளராக வளர நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய வாசல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தவை தொழில் நியாய சபைகள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தொழிலாளி தானாகவும் மனு போடலாம். அவருக்காக அவருடைய தொழிற்சங்கமும் போடலாம். மனு போடுவதோடு நிற்காமல், சங்கத்தின் அலுவலர் அவர் சார்பில் ஆஜராகி, சாட்சியை விசாரித்து, குறுக்கு விசாரணையும் செய்யலாம். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் நிர்வாகத்தின் சட்டத்தரணிக்கு எதிரே உட்கார்ந்து வழக்கு நடத்த முடிகிற மன்று இது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் இந்தச் சபையைப் பிணைப்பதில்லை. நீதியானதும் ஒப்புரவானதுமான கட்டளையைக் கொடுப்பதே அதன் கடமை.

இந்த வேலைக்கு மலையகத்தில் பழைய வேர் உண்டு. 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் ஒரு பத்திரிகையாளர். தொழிலாளிக்கு என்ன உரிமை இருக்கிறதென்று எழுதியும் பேசியும் தோட்டந்தோட்டமாகக் கொண்டுபோனார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் அதையே பாட்டாகப் பாடினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குப் போனார். இன்று சங்கக் காரியாலயத்தில் மேசை போட்டு உட்காரும் இருபது வயதுப் பிள்ளை செய்வதும் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது திகதி. வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு சபைக்குப் போயாக வேண்டும். தோட்டத்தில் பெயரை வெட்டியதும் தலைவர் துரையோடு பேசுவார், மாவட்டப் பிரதிநிதி கம்பனியோடு பேசுவார், தொழில் அலுவலகத்தில் ஒரு கலந்துரையாடல் வைப்பார்கள், அது ஒத்திவைக்கப்படும். இப்படியே மாதங்கள் ஓடிவிடும். பேச்சுவார்த்தை நடக்கட்டும்; மனு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. உங்களுடைய முதல் பயன் இங்கேதான். வேலை நிறுத்தம் பற்றிக் கேள்விப்பட்ட அன்றே நாட்காட்டியில் ஆறாவது மாதத்தின் கடைசி நாளைக் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு கோடு போடுங்கள். கூடவே, அந்தத் தொழிலாளி வேலை செய்யத் தயாராக இருக்கிறார் என்று ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அனுப்பச் செய்யுங்கள். "அவர்தான் வேலைக்கு வராமல் விட்டார்" என்ற பதில் பின்னால் வரும்போது அந்தத் தபால் ரசீது பேசும்.

கட்டளை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு. அது சட்டத்தரணியின் வேலை. கோப்பை ஒழுங்காக அவர் கையில் கொடுப்பது உங்கள் வேலை.

கணக்கும் காகிதமும்

தோட்டத்தில் வருகிற சட்டப் பிரச்சினைகளில் நீதிமன்றம் வரை போகிறவை சிலவே. மற்றவை எல்லாம் காசு, காகிதம், பெயர். இந்த மூன்றையும் சரியாகக் கையாளத் தெரிந்தவரைத்தான் லயத்து மக்கள் தேடி வருவார்கள்.

பணிக்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பலர் இதைச் சேவைக்காலப் பணம் என்பார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு முடித்தவருக்கு இது உரித்து. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 25 ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு தாயாரின் கணக்கைப் பாருங்கள். 14 நாளுக்கு 18,900 ரூபா. 25 ஆண்டுக்கு 472,500 ரூபா. வேலை முடிந்த 30 நாளுக்குள் இது கைக்கு வர வேண்டும். தாமதித்தால் தாமதத்தின் அளவைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். குறைந்த வீதத்தில் பார்த்தாலே அது 47,250 ரூபா. இந்த மேலதிகத் தொகையைக் கேட்கலாம் என்று தெரியாமலே எத்தனையோ பேர் அசல் தொகையை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லா ஆண்டுகளுக்கும் கணக்குப் போடுவது கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில். ஆகவே சம்பள உயர்வு அமுலுக்கு வந்த திகதியும் அவர் ஓய்வுபெற்ற திகதியும் அடுத்தடுத்து வந்தால், எந்த வீதம் பொருந்தும் என்பதைக் கடைசிச் சம்பளச் சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில வார வித்தியாசம் பல்லாயிரம் ரூபாவாக மாறும். நிர்வாகத்தின் சொத்துக்கு மோசடியோ வேண்டுமென்றே சேதமோ செய்து வேலை போனவரிடம்கூட, ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குத்தான் பிடித்துக்கொள்ளலாம். முழுத் தொகையையும் மறுக்க முடியாது. சட்டத்தின் 13ஆம் பிரிவை ஒருமுறை நீங்களே வாசித்துப் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நிர்வாகம் தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைத் திரும்பப் பெறலாம். சட்டம் இவ்வளவு எளிது. சிக்கல் பெயரில் வருகிறது. செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்று. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பதிவாளர் சிங்களத்தில் எழுதியது இன்னொன்று. தேசிய அடையாள அட்டையில் உள்ளது மூன்றாவது. லெட்சுமி ஒரு தாளில், இலட்சுமி ஒரு தாளில், அப்பாவின் பெயர் முன்னால் ஒரு தாளில், புருசன் பெயர் பின்னால் ஒரு தாளில். முப்பது ஆண்டு உழைத்த காசு இந்த எழுத்து வேறுபாட்டுக்காக மாதக்கணக்கில் நிற்கும். வயதானவர்கள் சிலரிடம் பிறப்புப் பதிவே இருக்காது. உத்தேச வயதுச் சான்றிதழ் மட்டும் இருக்கும்.

இதற்கு மருந்து ஓய்வுபெறும் வயதில் கிடையாது. நாற்பத்தைந்து வயதிலேயே பார்த்துவிட வேண்டும். உங்கள் தோட்டத்தில் அடுத்த ஐந்து ஆண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர்களின் காகிதங்களை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று பெயரும் ஒன்றா, பிறந்த திகதி ஒன்றா, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் எது, தோட்டம் ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியபோது இரண்டாவது இலக்கம் விழுந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குப் போனதால் பழைய தொழிலாளர் பலருக்கு அரசுக் காலச் சேவையும் கம்பனிக் காலச் சேவையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். வேறுபாடு இருந்தால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தோட்ட நிர்வாகத்தின் கடிதம், சமாதான நீதவான் முன்னால் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசி ஆகியவற்றைத் திரட்டுங்கள். பிறகு அவரோடு ஹட்டன் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். பிறப்புப் பதிவே இல்லாதவருக்குக் காலங்கடந்த பிறப்புப் பதிவு பிரதேச செயலகத்தில் தொடங்க வேண்டியது. அது இன்னும் நீளமான பாதை.

இரண்டு தோட்டத்தில் இந்த வேலையை ஒழுங்காக முடித்தீர்களானால், எந்த டிப்ளோமாவும் கற்றுத்தராத பயிற்சி உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

குளவிக் கொட்டுக்கு ஒரு வார்த்தை. மலையில் வேலை நேரத்தில் குளவி கொட்டினால் அதுவும் வேலைத்தள விபத்துதான். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இதற்காக இருக்கிறது. அன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டு, எந்த மலையில் எத்தனை மணிக்கு என்ற குறிப்பு, கூட நின்றவர்களின் பெயர், தோட்ட ஆபிஸில் பதிந்ததற்கான அத்தாட்சி ஆகியவற்றை அந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்கும் கடிதம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இளம் சட்ட உதவியாளருக்கு வாய்த்த நல்ல பயிற்சிக் களம். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நாட்டின் பிரஜையாக இருந்தால் போதும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் எப்படித் தெரிவானது, பாதைக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு, அஸ்வெசும மேன்முறையீடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது போன்ற கேள்விகளைக் கடிதமாக்கிப் பழகுங்கள்.

ஒரு விண்ணப்பத்தில் ஒரே விடயம் இருக்கட்டும். "ஏன் எங்களுக்கு வீடு தரவில்லை?" என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும். "இந்தத் தோட்டப் பிரிவில் இந்த ஆண்டுக்கான பயனாளிகள் பட்டியலின் பிரதியும், தெரிவுக் குழுக் கூட்டக் குறிப்பின் பிரதியும் தருக" என்று கேட்டால் ஆவணம் வரும். காரணம் கேட்பதற்கும் ஆவணம் கேட்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், சட்டத்தரணிக்கு விபரக்குறிப்பு எழுதும்போதும் உங்கள் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

சிங்களம் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற நடவடிக்கை சிங்களத்தில் நடக்கிறது. ஹட்டனும் நுவரெலியாவும் அப்படித்தான். அதே உறுப்புரை, நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் ஒருவர் தமிழில் மனுச் செய்யலாம் என்றும், நடவடிக்கை புரியாதவருக்கு அரசு உரைபெயர்ப்பு வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது. உரிமை தாளில் தெளிவாக இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டில் தமிழ்ப் பெண் ஒருவர் கையொப்பமிடும் தருணத்தை நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் "எழுதியதை எங்களுக்குத் தமிழில் வாசித்துக்காட்டுங்கள்" என்று மரியாதையாகவும் உறுதியாகவும் சிங்களத்தில் கேட்கத் தெரிந்த பிள்ளை, அந்த வழக்கின் போக்கையே மாற்ற முடியும்.

பேசத் தெரிந்தால் போதாது. கைப்பட எழுதிய சிங்களத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். நீதிமன்றப் பதிவேடு, பொலிஸ் தகவல் புத்தகம், பிறப்புப் பதிவு எல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கும். அரசகரும மொழிகள் திணைக்களம் நடத்தும் மொழித் தேர்ச்சிப் பரீட்சைகளில் படிப்படியாக ஏறுங்கள். மொழிக் கல்வி மற்றும் பயிற்சிக்கான தேசிய நிறுவகத்தின் பாடநெறிகளையும் பாருங்கள். இந்தப் படி ஏறியவருக்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் நியமனம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. நீதி அமைச்சின் ஊடாகக் கிடைக்கும் அந்த நியமனத்தோடு நீங்கள் மொழிபெயர்த்துக் கையொப்பமிட்டு முத்திரை வைத்த பிறப்புச் சான்றிதழை நீதிமன்றமும் தூதரகமும் ஏற்கும். இலங்கையில் சட்டத்தரணி அல்லாதவர் சொந்தப் பெயரில், சொந்த முத்திரையோடு செய்யக்கூடிய சட்டத் தொழில்களில் இது ஒன்று. நுவரெலியா மாவட்டத்தில் இதற்கான தேவை குறையவே போவதில்லை.

எங்கே படிப்பது

சங்க வழியில் போகிறவருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மனிதவள மேம்பாட்டு நிறுவகம் பொருத்தமானது. 1975இல் தொழிலாளர் கல்வி நிறுவகமாகத் தொடங்கப்பட்டது அது. தொழிற்சங்கக்காரருக்கென்றே தொழிலாளர் கல்வியில் பட்டம் வரை கொண்டுபோன இடம். தொழில் அமைச்சின் கீழுள்ள தொழில் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் தொழில் சட்டத்தில் குறுகிய பயிற்சிகளை நடத்துகிறது. இலங்கை முதலாளிமார் சம்மேளனத்திலும் பாடநெறிகள் உண்டு. எதிர்த் தரப்பு எப்படி யோசிக்கிறது என்பதைக் கற்க அதைவிட நல்ல இடம் வேறில்லை என்பதால், சங்கத்துப் பிள்ளைகளும் அங்கே போய் உட்காரலாம் என்பேன்.

சட்டப் பட்டம் என்றால் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் நிறுவப்பட்ட அதற்கு ஹட்டனில் ஒரு கற்கை நிலையம் இருக்கிறது. வேலையை விடாமல் எல்.எல்.பி. படிக்க முடிகிற வழி இது. அனுமதி நிபந்தனையையும் கற்கை மொழியையும் அந்தந்த ஆண்டு அறிவித்தலில் பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.

சட்ட உதவி ஆணைக்குழுவை மறக்க வேண்டாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. வசதியற்றவர்களுக்குச் சட்டத்தரணியை ஏற்படுத்திக்கொடுக்கிறது. அதன் நிலையத்துக்கு ஆட்களை அழைத்துப்போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்கக் காலவரிசைக் குறிப்பு, ஆவணங்களின் பிரதிகள், வருமானச் சான்று மூன்றும் இருந்தால் அங்கிருக்கும் சட்டத்தரணி உங்களை அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நல்ல சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்துக்குள் உங்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த அறிமுகம்தான்.

மத்தியஸ்த சபை பற்றிச் சுருக்கமாக: 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. சட்டத்தரணிகள் அங்கே ஆஜராக முடியாது. தெரிவானவர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகே நியமனம் வரும். சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் விண்ணப்பியுங்கள்.

பதிவேடு ஒன்று

முன்னால் சொன்ன மணிக்கணக்குப் பழக்கத்துக்கு வருகிறேன். ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். திகதி, செய்த வேலை, யாருடைய மேற்பார்வையில், எவ்வளவு நேரம், முடிவு என்ன. ஆட்களின் பெயர் வேண்டாம். கோப்பு இலக்கம் போதும். மாத முடிவில் மேற்பார்வையாளரின் கையொப்பத்தை வாங்குங்கள். "இரண்டு ஆண்டு அனுபவம்" என்று சுயவிபரக் கோவையில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். "சேமலாப நிதிப் பெயர்த் திருத்தக் கோப்புகள் இத்தனை, தொழில் நியாய சபை மனு வரைவுகள் இத்தனை, சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்த பக்கங்கள் இத்தனை" என்று கையொப்பத்தோடு காட்டுகிறவர் அரிது. உரிமம் கொடுக்கும் சபை இல்லாத நாட்டில் உங்கள் தகுதிக்கு நேரடியான சான்று இந்தக் கொப்பிதான். கொழும்பில் ஒரு கம்பனியின் மனிதவளப் பிரிவோ, மனித உரிமை அமைப்போ நேர்முகத்துக்கு அழைத்தால் அதை மேசையில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை

சட்டத்தரணி என்று சொல்லாதீர்கள். மற்றவர்கள் அப்படி அழைத்தாலும் உடனே திருத்துங்கள். நீதவான் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் மற்றவருக்காக ஆஜராகும் உரிமை சட்டத்தரணிக்கே உரியது. காணி உறுதி எழுதுவது நொத்தாரிசின் வேலை. ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி வருகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், வெள்ளைத் தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துக் காசு வாங்கும் ஆட்கள் தோட்டத்துக்குள் வருவார்கள். நீங்கள் அவர்களில் ஒருவராகிவிடக் கூடாது.

கிடைக்கும் பணத்தில் வீதம் கேட்காதீர்கள். பணிக்கொடையில் பத்துக்கு ஒன்று என்று வாங்குகிறவர், 25 ஆண்டு கொழுந்து பறித்த அந்தத் தாயாரின் இரண்டரை ஆண்டுச் சேவைக்கான பணிக்கொடையை எடுத்துக்கொள்கிறார். சங்கம் உங்களுக்குச் சம்பளம் தரட்டும், அல்லது அலுவலகம் தரட்டும். சம்பளம் தராமல் "ஆட்களிடம் பார்த்துக்கொள்" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள்.

கைநாட்டு வைக்கிறவருக்குத் தாள் முழுவதையும் அவர் மொழியில் வாசித்துக் காட்டாமல் பெருவிரலைப் பிடிக்காதீர்கள். மூல ஆவணத்தை இரவு உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். பிரதி எடுத்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். ஒரு சங்கத்திலிருந்து இன்னொரு சங்கத்துக்குச் சந்தாவை மாற்றிவிட்டார் என்பதற்காக ஒருவரின் கோப்பை மேசைக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். மலையகத்தில் இந்தச் சோதனை உங்களுக்குக் கட்டாயம் வரும்.

பெண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். வீட்டுக்குள் அடிபடும் ஒருவர் ஆண் தலைவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை நிற்கும். உங்கள் வேலை அவரைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்புவதாக இருக்கக் கூடாது. காயத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, பொலிஸ் பதிவு, சட்ட உதவி நிலையம் என்ற வரிசையில் கூடவே போவதுதான். தனியாகப் போகாமல் மாதர் சங்கத் தலைவி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதுகாப்பும் முக்கியம்.

கறுப்புக் கோட்டு வேண்டுமென்றால்

மூன்று நான்கு ஆண்டு இந்த வேலை செய்தபின் சிலருக்குச் சட்டத்தரணியாகவே ஆக வேண்டுமென்று தோன்றும். தோன்ற வேண்டும். தோட்டத்து வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த சட்டத்தரணிகள் மலையகத்துக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும். 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. ஆண்டுதோறும் நுழைவுப் பரீட்சை. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி வேண்டும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலும் சிங்களம் அல்லது தமிழிலும் திறமைச் சித்தி வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு, பிறகு ஆறு மாதப் பயிலுநர் காலம். எல்.எல்.பி. முடித்தவர்களும் கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பரீட்சை என்று கொண்டுவந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. ஆனாலும் தீர்ப்புகளும் நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், ஆங்கிலத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தொழில் வழக்குத் தீர்ப்பு ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை அகராதியோடு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குங்கள்.

சாதாரண தரத்தில் ஆங்கிலத் திறமைச் சித்தி இல்லாதவர்கள் அதை மட்டும் தனிப் பரீட்சார்த்தியாக மீண்டும் எழுதலாம். விண்ணப்ப அறிவித்தல் வர்த்தமானியில் வரும் நேரத்தில் ஓடித் திரியாமல், உங்கள் சொந்தப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பரீட்சைச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் திருத்தத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பிரதேச செயலகத்தில் அதற்குச் சில மாதம் பிடிக்கும்.